பக்கம் புரளும் முன்

உயர்நிலை மூன்று தமிழ் வகுப்பில் பதினெட்டுப் பேர். நாவலோ ஒன்பது பிரதிதான். இருவருக்கு ஒரு புத்தகம். அனுப்ரியாவும் முனீராவும் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதலில் படித்து முடித்தவள் பக்கத்தின் மூலையில் விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். மற்றவள் பதிலுக்குத் தட்டினால்தான் பக்கம் புரளும்.

ஒன்பது நாளாக அந்தத் தட்டு இல்லை. முனீராவின் குடும்பத்துக்கு ஊரின் மறுகோடியில், பூன் லேயில் புது வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமையோடு அவள் வேறு பள்ளிக்குப் போகிறாள். அனுப்ரியா இதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தாள். தொடக்கப்பள்ளியிலிருந்து மார்சிலிங்கில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்தவர்கள். அன்றிலிருந்து அனுப்ரியா பேசவில்லை. தான் படித்து முடித்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். மெதுவாகப் படிக்கும் முனீரா, பாதி வரியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குக் கூடவே வருவாள்.

இன்று புதன்கிழமை. நாவலில் தோழிகள் இருவரும் சண்டை போடும் அத்தியாயம். பிரபாகர் சார் பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டினார்.

"அடுத்த ஜோடி அனுப்ரியா, முனீரா. எழுந்து நின்னு படிங்க."

"'என்னிடமிருந்து இதை ஏன் மறைத்தாய், தோழி?'" என்று அனுப்ரியா உணர்ச்சியில்லாமல் படித்தாள்.

ரஞ்சன் சிரித்துவிட்டான். "சண்டை போடறப்ப யாரு சார் இப்படிப் பேசுவா? நியூஸ் மாதிரி இருக்கு லா."

"சரி, புத்தகத்தை மூடிட்டு உங்க தமிழ்லயே சொல்லுங்க" என்றார் சார்.

யாரோ 'ஊ...' என்று இழுத்தார்கள். சாரைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" அனுப்ரியாவின் குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "குரூப்ல பார்த்துத் தெரிஞ்சிக்க நான் என்ன ரஞ்சனா?"

"ஹலோ!" என்றான் ரஞ்சன். யாரும் சிரிக்கவில்லை.

முனீரா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னா நீ அழுவே. நானும் அழுவேன். உம்மா அஞ்சு வருஷம் காத்துக்கிடந்து கிடைச்ச வீடு, அனு. அவங்க முன்னாடி அழுத மூஞ்சியோட போய் நிக்கறதா? குரூப்ல போட்டதும் நான் இல்ல, நம்ம கிளாஸ் தர்மிகன். தினமும் லிஃப்ட்ல சொல்லிடலாம்னுதான் வருவேன். நாலாவது மாடி வந்ததும் நீ இறங்கிப் போயிடுவே."

இது நாவலில் இல்லை என்பது சாருக்குப் புரிந்துவிட்டது.

"உட்காருங்கம்மா" என்றார் மெல்ல. "மீதியை எல்லாரும் மனசுக்குள்ளயே படிங்க."

இருவருக்கும் நடுவே புத்தகம் திறந்தது. அனுப்ரியா முடித்தாள். கை பழக்கத்தில் மூலைக்குப் போய், அங்கேயே நின்றது. பிறகு இரண்டு தட்டு தட்டினாள்.

பதில் தட்டு வரவில்லை.

"இன்னும் முடியலயா?" என்று கிசுகிசுத்தாள்.

"பின்னாடி போ" என்றாள் முனீரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஒம்போது நாளா நீ புரட்டினதுல பாதி நான் படிக்கவே இல்ல."

அனுப்ரியா ஆறாம் அத்தியாயத்துக்குத் திரும்பினாள். மணியடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. முனீரா படிக்கத் தொடங்கினாள். அனுப்ரியா மூலையில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.