ஐந்தாம் அங்கத்தின் விம்மல்

பெர்னெத்துக்கு மரு வலது கன்னத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அந்த வாரம் பூராவும் பாரிஸின் தாம்ப்ல் பெருவீதியில் இந்த மருவைத் தவிர வேறு பேச்சே இல்லை.

சனிக்கிழமை காலை, வேகவைத்த குடல் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் விற்பதற்காகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். படக்கடை ஜன்னல் முன்னால் ஒரே கூட்டம். கேலிப்படம் புதிதாக மாட்டினால் அப்படித்தான். பாரிஸில் வேலைக்குத் தாமதமாகப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஜன்னல் முன்னால் நின்றவர்கள்தான். பெர்னெத் வாளியை முன்னால் நீட்டினாள். குடல் வாடைக்குக் கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிட்டது.

படத்தில் ஒரு நாடகக் கொட்டகை. சரவிளக்குக்குக் கீழே ஒரு வரிசைப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்துகிறாள், ஒருத்தி பக்கத்து ஆளின் கோட்டில் கண்ணைத் துடைக்கிறாள். நடுவில் ஒருத்தி மட்டும் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வாய்க்குள் ஒரு முழு ஆப்பிளை உரசாமல் வைக்கலாம். தொப்பியில் துணியால் செய்த செர்ரிப் பழங்கள். இடது கன்னத்தில் மரு. கீழே எழுதியிருந்தது: ‘ஐந்தாம் அங்கம். தாய் சாகிறாள்.’

பெர்னெத் தன் தொப்பியிலிருந்த செர்ரிப் பழங்களைக் கையால் மறைத்தாள்.

“அடியே, இது நீதானே!” என்றாள் பக்கத்தில் நின்ற அர்மாந்த். பூ விற்கிறவள். கொட்டகையில் பெர்னெத்துக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அழுகிறவள்.

“நானா? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? மரு எந்தப் பக்கம் இருக்கு பாரு.”

“இடது பக்கம்.”

“எனக்கு?” பெர்னெத் கன்னத்தைக் கொண்டுபோய் அவள் மூக்கில் இடித்தாள்.

“வலது பக்கம். சரி, அந்தத் தொப்பி?”

“ஊர்ல செர்ரிப்பழத் தொப்பி எனக்கு மட்டும்தான் தச்சாங்களா? ஜெனவியேவ் மாதா மேல சத்தியமா அது நானில்ல. ஆனா எனக்குப் பக்கத்துல… இல்ல, அந்தப் பொம்பளைக்குப் பக்கத்துல, பேரிக்கா மூக்கோட ஒருத்தி இருக்காளே, அது நீதான்டி.”

அர்மாந்த் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

நமக்குள் இருக்கட்டும்: அது பெர்னெத்தேதான். மரு எப்படிக் கன்னம் மாறியது என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் கடவுளாகப் பார்த்து மாற்றிக் கொடுத்ததை எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

விஷயம் இதுதான். பெர்னெத் குடியிருந்தது ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே. கீழே நிலவறையில் கிலேன் என்கிற தடியன் விடிய விடிய மாவு பிசைவான். வாயை மூடிக்கொண்டு பிசையத் தெரியாது அவனுக்கு. மாவை ஒவ்வொரு முறை தூக்கி அடிக்கும்போதும் “ஹ்ஹ்ஹாஆன்!” என்று முனகுவான். யாரோ அவனைக் கொலை செய்வது போலவும், கொலைகாரன் வேலையைச் சரியாக முடிக்காதது போலவும் இருக்கும். புருஷன் போனபோதுகூட விடாத கண்ணீரைத் தூக்கம் இல்லாமல் விட்டாள் பெர்னெத். பகலில் சந்தை. அவள் தூங்குகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: கொட்டகையின் கதகதப்பில், சரவிளக்குக்கு நேர்கீழே, ஐந்தாம் அங்கத்தில்.

அந்த இருக்கை அவளுக்கு இலவசம். முசியே கபுஷின் படையில் அவள் ஓர் அழுகைக்காரி. நாடகம் எப்படி இருந்தாலும் கைதட்டுவதற்குச் சிலர், சிரிப்பதற்குச் சிலர், அழுவதற்குச் சிலர் என்று கொட்டகைக்காரரே ஏற்பாடு செய்து உட்கார வைப்பது வழக்கம். அந்தப் படைக்குத் தளபதி கபுஷ். முதல் வரிசையில் மஞ்சள் கையுறையோடு உட்கார்ந்து, கைத்தடியைத் தட்டினால் பின்னால் உள்ளவர்கள் உருகுவார்கள்.

பெர்னெத் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவாள். அவளுடைய குறட்டை இருக்கிறதே, அது கைக்குட்டைக்கு வெளியே வரும்போது ஒரு தாயற்ற பிள்ளையின் விம்மலாக மாறிவிடும். இழுக்கும்போது ஒரு தேம்பல், விடும்போது ஒரு நடுக்கம். கபுஷ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். “பெர்னெத் மாதிரி விம்ம பிரான்ஸ்ல ஆள் கிடையாது” என்று எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார். என்றோ ஒரு நாள் கைக்குட்டை நழுவியிருக்கிறது. அன்றைக்கென்று பக்கத்து மாடத்தில் அந்தப் படம் போடுகிற ரொப்லோ உட்கார்ந்திருக்கிறான்.

மத்தியானம் கபுஷ் படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். அழுகைக்காரிகளை வரிசையாக நிற்க வைத்தார்.

“யாருடி அது? என் படையில தூங்குறவ?”

“எல்லாருக்கும் சந்தேகம் என் மேலதாங்க ஐயா” என்று பெர்னெத் தானே முன்னால் வந்து கன்னத்தைக் காட்டினாள். “நீங்களே பாருங்க.”

கபுஷ் படத்தைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். மரு ஒத்துவரவில்லை.

“சரி. யாரா வேணா இருக்கட்டும். இன்னிக்குச் சாயங்காலம் நான் மேடைக்கு முதுகைக் காட்டிட்டு உங்க முகத்தைப் பாத்து உக்காரப் போறேன். ஐந்தாம் அங்கத்துல கண்ணை மூடினவ, அதோட இந்த வாசல் பக்கமே வரக் கூடாது.”

“சிமிட்டலாமா ஐயா?” என்றாள் அர்மாந்த்.

“சிமிட்டு. ஆனா மூடினதைத் திறந்துடணும்.”

பெர்னெத் அன்று கெட்டியாகக் கறுப்புக் காப்பி குடித்தாள். மூக்குப்பொடி வாங்கினாள். தொடையில் குத்திக்கொள்ளத் தொப்பி ஊசி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். இருக்கை போனால் தூக்கம் போச்சு. தூக்கம் போனால் அப்புறம் குடலோடு சேர்த்து அவளையும் வேகவைக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. நாடகம் ‘கைவிடப்பட்ட தாய், அல்லது பனிமலைக் குகை’. ஆனால் யாரும் நாடகம் பார்க்க வரவில்லை. படத்தில் வர வந்திருந்தார்கள். ரொப்லோ மாடத்தில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் மோவாயைத் தூக்கி ரோமச் சக்கரவர்த்தி போல உறைந்திருந்தார். அவர் மனைவி தொப்பையை உள்ளே இழுத்து மூச்சை அடக்கியதில் முதல் அங்கத்திலேயே ஒரு பொத்தான் தெறித்து எதிர்வரிசை வழுக்கைத் தலையில் விழுந்தது. அந்த வழுக்கைக்காரரும் திரும்பவில்லை, முகபாவம் கலைந்துவிடுமே! உச்சிமாடிக்குச் சொர்க்கம் என்று பெயர். ஏறி முடிப்பதற்குள் உயிர் போய்விடும் என்பதாலோ என்னவோ. அங்கே ஆரஞ்சுத் தோலைக் கீழே எறிகிறவர்கள்கூட அன்று அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ரொப்லோ தலையில் அடித்துக்கொண்டான். “அத்தனையும் மெழுகு பொம்மையா இருக்கே! ஒருத்தராவது கொட்டாவி விடுங்கய்யா, புண்ணியமா போகும்!”

ஒருவரும் விடவில்லை.

ஐந்தாம் அங்கம் வந்தது. கபுஷ் திரும்பி உட்கார்ந்தார். பெர்னெத் கண்ணை அகல விரித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஐந்தாம் அங்கத்தைப் பார்த்தாள். பனிமலைக் குகையில், காகிதப் பனி விழ, தாய் வைக்கோல்மேல் படுத்திருந்தாள். தாயாக நடிப்பவள் ஃப்ளோரிமோந்த். மகனாக நடிப்பவர் அவளைவிடப் பெரியவர்.

“மகனே, நான் சாகிறேன்” என்றாள் தாய். பிறகு கீழே ஓரக்கண்ணால் பார்த்தாள்.

இந்த இடத்தில்தான் எப்போதும் அந்த விம்மல் எழும். அது எழுந்ததும் தாயின் தலை சாயும். மாதக்கணக்காக அப்படித்தான் செத்துக்கொண்டிருந்தாள் ஃப்ளோரிமோந்த். இன்று கீழே சத்தமே இல்லை.

“இதோ சாகிறேன் மகனே.”

கபுஷ் தடியைத் தட்டினார். அர்மாந்த் பேரிக்கா மூக்கை உறிஞ்சினாள். பெர்னெத் அழுது பார்த்தாள். “ஹிக், ஹிக்” என்று சளி பிடித்த எலி போல ஒரு சத்தம் வந்தது.

“உன் விம்மல் எங்கம்மா?” என்று கபுஷ் பல்லைக் கடித்தபடி கேட்டார்.

“வருதுங்க ஐயா. பாதி வழியில இருக்கு.”

“ஹிக்” என்றாள் மறுபடி.

கபுஷின் ஒரு புருவம் மெதுவாக மேலே போனது. பெர்னெத் ஊசியைத் தொடையில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். தூங்கினாலும் மாட்டுவாள், தூங்காவிட்டாலும் மாட்டுவாள்!

மேடையில் தாய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “சாவதற்கு முன் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் மகனே. என் சிறு வயதில் எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது.”

மகன் குனிந்து காதோடு சொன்னார்: “தாயே, சீக்கிரம் செத்துடுங்க. எனக்குக் கடைசி வண்டி போயிடும்.”

“சும்மா இருய்யா. அந்த விம்மல் இல்லாம எனக்குச் சாவு வரல.”

பசு கன்று போட்டது. கன்று வளர்ந்தது. பிறகு வெங்காயச் சூப்பு எப்படிச் செய்வது என்று வந்தது. “செத்துத் தொலைம்மா, பசி உசிரு போகுது!” என்று சொர்க்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். சூப்பு முடிந்து கோழிகள் ஆரம்பித்தன. முதல் கோழி கறுப்பு. இரண்டாவது கோழி வெள்ளை. மூன்றாவது கோழிக்கு ஒரு கால் கொஞ்சம் ஊனம்…

பெர்னெத்தின் கையிலிருந்து ஊசி நழுவியது. காப்பி தோற்றது, பொடி தோற்றது. சரவிளக்கின் வெதுவெதுப்பு தலையில் இறங்கியது. கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொள்ளக்கூட நேரமில்லை.

“ஹ்ஹ்ஹ்… கொர்ர்ர்ர்ர்… ஹூஊஊம்.”

அப்பப்பா! உலகத்தில் உள்ள அனாதைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தேம்பியது போல இருந்தது. ஊனக்கால் கோழியைப் பாதியில் விட்டுவிட்டு ஃப்ளோரிமோந்த் தடாலென்று செத்தாள். அப்படி ஒரு சாவை அந்தக் கொட்டகை கண்டதில்லை. பத்திரக்காரர் சக்கரவர்த்தி முகத்தை மறந்து ஓவென்று அழுதார். அவர் மனைவி தொப்பையை வெளியே விட்டு, மூச்சையும் விட்டு, அழுதாள். அத்தனை மெழுகு முகங்களும் உருகி வழிந்தன. ரொப்லோவின் பென்சில் பறந்தது.

கபுஷ் மட்டும் அழவில்லை. அவர் பெர்னெத்தின் திறந்த வாயை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விழுந்து எல்லோரும் வெளியேறியதும் அவளை உலுக்கி எழுப்பினார். “இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம். கண்ணால பாத்துட்டேன். இத்தனை நாளா நான் ஊரெல்லாம் பெருமையடிச்சது உன் கொறட்டையப் பத்தியா?”

“ஐயா, ஜெனவியேவ் மாதா என்னை மன்னிக்கணும், அது நான்தான். கீழ மாவு பிசையறவன் ராத்திரியெல்லாம் முனகுறான். ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. இந்த ஒரு அங்கம்தான் நான் தூங்குறது. இதையும் பிடுங்கிட்டா நான் எங்க போவேன்?”

“வாசல் அந்தப் பக்கம்.”

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அப்போது பிண உடையோடும் முகமெல்லாம் வெள்ளை மாவோடும் ஃப்ளோரிமோந்த் மேடையிலிருந்து குதித்து வந்தாள்.

“யாரு அது, கடைசியா விம்மினது? நீயா? என் கண்ணே, ஏன் இவ்வளவு நேரம் என்னைத் தவிக்க விட்ட? கோழியெல்லாம் தீர்ந்துபோச்சு எனக்கு!”

“அது விம்மல் இல்லம்மா” என்றார் கபுஷ். “கொறட்டை. இவளை அனுப்பிட்டேன்.”

“கொறட்டையோ, குதிரை கனைப்போ, எனக்கென்ன? இவ போனா நான் சாக மாட்டேன். நாளையிலிருந்து நீங்களே வைக்கோல்ல படுத்துச் செத்துக்குங்க, கபுஷ்.”

கபுஷ் வைக்கோலைப் பார்த்தார், தன் மஞ்சள் கையுறையைப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “கைக்குட்டை முகத்தை விட்டு நகரக் கூடாது. நாலாம் அங்கத்துல ஒரு கண்ணுகூட மூடக் கூடாது. ஐந்தாம் அங்கத்துல மட்டும்… தூங்கித் தொலை.”

பெர்னெத் அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். குடல் வாடையோடுதான்.

வாசலில் ரொப்லோ நின்றிருந்தான். “ஏன்யா, மருவை ஏன் இடது பக்கம் போட்ட?” என்று பிடித்துக்கொண்டாள்.

“நான் சரியாத்தான் போட்டேன் மதாம். அச்சுக்கல்லுல வரைஞ்சு காகிதத்தைப் போட்டு அமுக்கினா, வலது இடதா மாறிடும். அடுத்த தடவை கல்லுல மாத்திப் போடறேன், காகிதத்துல சரியா வந்துடும்.”

சொன்னபடியே செய்தான். புதுப் படத்தில் மரு வலது கன்னத்தில் இருந்தது. ஜன்னல் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்த அர்மாந்த், “ஆக, தூங்குறவங்க ரெண்டு பேரு. இது நீ. போன வாரத்துக்காரி வேற எவளோ. உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்டி” என்று மனதார மன்னிப்புக் கேட்டாள். பெர்னெத்தும் பெருந்தன்மையாக மன்னித்தாள்.

அதன்பிறகு ஐந்தாம் அங்கம் அவளுக்கு நிம்மதியாகப் போனது. ஒரே ஒரு நாள்தான் சின்னத் தகராறு. சொர்க்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தடியன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கத்தினான்:

“கீழ யாரும்மா அது, ஹூஊம் ஹூஊம்னு? ஓய்வு நாள்ல ஒரு மனுஷன் இங்க வந்து கொஞ்சம் தூங்கலாம்னா விட மாட்டேங்குறியே!”

பெர்னெத் கைக்குட்டையை விலக்கி அண்ணாந்து பார்த்தாள். ஓய்வு நாளிலும் முழங்கை வரைக்கும் மாவு. கிலேன்!

கைக்குட்டையை மறுபடி முகத்தில் போட்டுக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே தூங்கினாள்.