ஏலம் போன சக்கை வரட்டி

“அப்ப எனக்க சக்கை வரட்டிக்கு இல்லியா அண்ணே நீங்க பதினோராயிரம் குடுத்தது?”

“ஏட்டி, அது கர்த்தருக்குக் குடுத்ததாக்கும்! உனக்க சக்கைக்கு எவனாவது பதினோராயிரம் குடுப்பானா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“பின்ன எதுக்கு அப்பிடி மல்லுக்கு நின்னு கேட்டிய? சபை முழுக்கப் பாத்துச்சே!”

“ராஜகுமார் சார் கேட்டா நான் விட்டுக்குடுத்துட்டுப் போவணுமா? சர்ச் கமிட்டி எலெக்சன்ல அந்த ஆளு எனக்குச் செய்தது உனக்குத் தெரியாதா?”

செல்வதாஸுக்கு மைக் தேவைப்படாத தொண்டை. தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தச் சர்ச் தெருவில், காலை பத்து மணிக்கு மீன்காரி தராசைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். எதிர்வீட்டில் அடைத்துக் கிடந்த ஜன்னல் திறந்தது. துணி காயப்போட வந்தவள் உதறிய துண்டையே மறுபடியும் மறுபடியும் உதறினாள். பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடுகிற வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. காதை மட்டும் கொடுப்பார்கள்.

ஸ்மைலின் நின்றுகொண்டிருந்தது செல்வதாஸ் வீட்டு முன்னறையில். அவள் பார்வை சுவரோரக் கண்ணாடி அலமாரியை விட்டு நகரவில்லை. அதற்குள் ஒரு துபாய் ஒட்டகம், ஓடாத ஒரு கடிகாரம், இரண்டுக்கும் நடுவே அவள் கிண்டிய பலாப்பழ வரட்டிப் பாட்டில். மூடியில் போன வருடத்து ஏலச் சீட்டு ஒட்டியபடி இருந்தது. கழுத்தில் அவள் கட்டிய சிவப்பு ரிப்பனின் முடிச்சு அவிழவில்லை. பதினொரு மாதமாக அந்த வீட்டில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் சண்டை போட வரவில்லை. செல்வதாஸின் மகன் ஜெப்சனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட ஒரு இருபது பாட்டிலாவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க வந்தாள். கேட்பதற்கு முன்னே கண் அலமாரிக்குப் போய்விட்டது.

போன வருடத்து அறுப்பின் பண்டிகையிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும். அன்றைக்குச் சபையார் அவரவர் விளைவில், கைவேலையில் முதல்பங்கைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைக்குலை, பூசணிக்காய், சேவல், முறுக்கு என்று எது இருந்தாலும் ஆராதனை முடிந்ததும் ஏலம். நூறு ரூபாய் தேங்காய் ஆயிரத்துக்குப் போகும். அது தேங்காயின் விலை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கொடுப்பவனுக்குப் புண்ணியம், கொஞ்சம் பெருமை, எதிராளிக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் சேர்ந்த விலை அது.

ஸ்மைலினுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏலம். ஆனால் அதுவரை அவள் பொருள் எதுவும் ஏலத்துக்கு வந்ததில்லை. கணவன் சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு, மகள் ஜெமியை வைத்துக்கொண்டு பதினாறு வருடம் முந்திரி ஆலையில், இங்கே எல்லாரும் சொல்கிற அண்டி ஆபீசில், கொட்டை உடைத்தவள் அவள். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல்நுனிகள் தார் பூசியதுபோல் இருக்கும். நற்கருணைக்குக் கை நீட்டும்போது அவள் விரலை மடக்கிக்கொள்வதை முன்வரிசைப் பெண்கள் கவனித்திருக்கிறார்கள். கவனித்ததை வெளியில் வந்து சொல்லியும் இருக்கிறார்கள்.

அவளுக்கு நன்றாக வந்த ஒரு வேலை சக்கை வரட்டி. பழுத்த வருக்கைச் சக்கையின், அதாவது வருக்கைப் பலாவின், சுளையை வேகவைத்து மசித்து, கருப்பட்டியும் நெய்யும் விட்டு, உருளியில் அரை நாள் நின்று கிளறுவாள். சட்டுவத்தை எடுத்தால் உருளியோடு ஒட்டாமல் கூடவே சுருண்டு வரவேண்டும். அந்தத் தடவை பீடத்தில் வைக்கிற பொருளாயிற்றே, மினுக்கமாக இருக்கட்டும் என்று கருப்பட்டியைக் குறைத்துச் சீனியைக் கொட்டினாள். பாட்டிலுக்குள் தேன்நிறத்தில் பளபளத்தது.

நூறு ரூபாயில் தொடங்கிய ஏலத்தை இருநூறுக்கு உயர்த்தியவர் ராஜகுமார் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உடனே செல்வதாஸ் ஐந்நூறு என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பாட்டிலைப் பார்க்கவே இல்லை, ஒருவரையொருவர்தான் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் தூணோரம் நின்ற ஸ்மைலின் ஒவ்வொரு தொகைக்கும் ஜெமியின் கையை இறுக்கினாள். செல்வதாஸ் பதினோராயிரம் என்றதும் ராஜகுமார் சார் உட்கார்ந்துவிட்டார். சபை கைதட்டியது. நம் சபைப் பெண்களின் கைத்தொழிலை ஆதரிக்க வேண்டும் என்று சபைப் போதகரான ஐயரும் இரண்டு வார்த்தை சொல்லிவைத்தார்.

வேறென்ன வேண்டும்? அடுத்த சக்கைக் காலம் தொடங்கியதும் ஸ்மைலின் ஆலை வேலையை விட்டாள். சங்கிலியை விற்று, இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற உருளி வாங்கினாள். கண்ணாடிப் பாட்டில், பெயர் அச்சடித்த ஒட்டுச்சீட்டு, சிவப்பு ரிப்பன், ஏலத்தில் ஜெயித்த அதே சீனிப் பக்குவம். விலையையும் அந்த ஏலத்தை மனதில் வைத்துத்தான் போட்டாள். தெருவே பாராட்டியது. “கை வச்சா மணக்குது மக்கா” என்றார்கள். “நம்ம ஆளுகள நாமதான் தூக்கிவிடணும்” என்றார்கள். ருசி பார்க்கக் கொடுத்ததை நக்கிவிட்டு, பிறகு வாங்குவதாகச் சொல்லிப் போனார்கள். பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் வரிசைகட்டின. விரல் மட்டும் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான். தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாயாக்கடை வைத்திருக்கும் முகம்மது ஹனீபா. அவர் கடையில் வாழையிலையில் அவித்த அடைக்குக் கூட்டம் நிற்கும். உள்ளே வைக்க வருடம் முழுக்கச் சக்கை வரட்டி வேண்டும் என்று யாரோ சொன்ன அடையாளத்தை வைத்து, மே மாத வெயிலில் காலி டின்னோடு வந்தார். ஸ்பூனில் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நேரம் எடுத்தார்.

“இனிப்பு கூடுதலாக்கும். பின்ன, நாக்குல கரகரன்னு என்னவோ நிக்குது. சீனி இல்லாம, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கிண்டித் தரமுடியுமா? பாட்டிலு, ரிப்பன் ஒண்ணும் வேண்டாம்.”

ஸ்மைலினுக்குச் சுருக்கென்றது. அதுவரை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

“பாய், இது பதினோராயிரத்துக்கு ஏலம் போன சாதனமாக்கும்.”

ஹனீபா ஸ்பூனை மரியாதையாகக் கீழே வைத்தார். “அப்ப நமக்கு எட்டாது மக்கா” என்று டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஹனீபாவைத்தான் அவள் இப்போது, செல்வதாஸ் வீட்டு அலமாரிக்கு முன்னால் நின்று நினைத்தாள். முந்தாநாள் ஆலை சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார்: திங்கட்கிழமை வந்தால் பழைய இடம் இருக்கிறது, வராவிட்டால் வேறு ஆள். இன்று வியாழன். வீட்டில் அரிசி ஞாயிறுவரை வரும்.

“மைனி, அந்தப் பாட்டிலக் கொஞ்சம் எடுத்துத் தாங்க” என்றாள் செல்வதாஸின் மனைவி நேசம்மாளிடம். “ஒரு ஸ்பூனும்.”

நேசம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் பார்வையை ஒட்டகத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டில் வந்தது. ஸ்மைலின் ரிப்பனைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். மூடியைத் திருகினாள். மேலே வெள்ளையாக ஒரு ஏடு. ஸ்பூன் பட்டதும் மணல்போல உடைந்தது. வாயில் வைத்தாள்.

வெந்த சூட்டில் உருளியிலிருந்து வழித்துத்தான் எப்போதும் ருசி பார்த்திருக்கிறாள். அந்தச் சூட்டில் சீனி உருகியிருக்கும், எல்லாம் சரியாகவே இருக்கும். ஆறி, நாள் கழிந்து, வாங்குகிறவன் வாய்க்குப் போகும்போது எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சீனி பூத்து நாக்கில் கரகரத்தது. சக்கையின் மணம் எங்கோ அடியில் கிடந்தது.

வெளியே மீன்காரி தராசை இறக்கிவைத்தாள்.

“என்னட்டி, கெட்டுப்போச்சா?” செல்வதாஸின் குரல் முதன்முறையாகத் தணிந்தது.

“கெடல்ல அண்ணே. நல்லாவே இல்ல.”

நேசம்மாளுக்கு மனசு பொறுக்கவில்லை. ஸ்பூனை வாங்கித் தானும் ஒரு நுள்ளு தின்றாள். “நல்லாத்தானே இருக்கு மக்கா.”

“மைனி, உங்கள கும்பிட்டுக் கேக்கேன், நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதிங்க. எல்லாரும் அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் அறுவது பாட்டிலு எனக்க கட்டிலுக்கு அடியில கெடக்கு.”

பாட்டிலை மூடி நேசம்மாளின் கையிலேயே கொடுத்துவிட்டு, தெருவில் யாரையும் பார்க்காமல் நடந்தாள். அழுதுகொண்டு போனாள் என்று எதிர்வீடு சொல்கிறது. அழவில்லை என்று துண்டு உதறியவள் சத்தியம் செய்கிறாள்.

அன்று மத்தியானமே குலசேகரம் பஸ்ஸில் ஏறினாள். ரப்பர் தோட்ட ஓரங்களில் கடைசிச் சக்கைகள் நின்ற நேரம். நாலு வருக்கையைச் சாக்கில் கட்டி, கண்டக்டரோடு மல்லுக்கட்டி ஏற்றிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து உருளி அடுப்பில் இருந்தது. சீனி இல்லாமல் கருப்பட்டி மட்டும், கடைசியில் சுக்கும் ஏலக்காயும். நிறம் கறுத்து, பார்வைக்கு ஒன்றுமே இல்லாமல் வந்தது. சூட்டோடு வழித்து வாயில் வைக்கப்போன ஜெமியின் கையைத் தட்டிவிட்டாள். “ஆறட்டும். நாளைக்குக் காலையில பாப்போம்.”

சனிக்கிழமை காலை, ஆறிக் கிடந்ததில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். நல்லதா கெட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அத்தனை பாராட்டைக் கேட்ட நாக்கு தன்னையே நம்ப மறுத்தது. டின்னில் அடைத்துக்கொண்டு தக்கலைக்குப் போனாள்.

ஹனீபா கல்லாவில் இருந்தார். அவளைப் பார்த்ததும் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. உள்ளே பார்த்து, “ஏய் ஆயிஷா” என்று கூப்பிட்டார். அடை தட்டுவது அவர் மனைவி ஆயிஷாதான். மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து டின்னைத் திறந்து, முதலில் மோந்து பார்த்தாள். விரலால் உருட்டினாள். உருண்டை நின்றது. பிறகுதான் தின்றாள்.

ஸ்மைலின் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். பதினோராயிரம் ஏறியபோதுகூட அவள் ஒரு முகத்தை இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

“சுக்கு ஒரு நுள்ளு கூடிப்போச்சு” என்றாள் ஆயிஷா. “ஏலக்காய நீ இடிச்சியா, கடைத் தூளா?”

“கடைத் தூளு.”

“அதான். இடிச்சுப் போடு.” இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “திங்கக்கிழமைக்கு ரெண்டு டின்னு முடியுமா?”

திங்கட்கிழமை. ஆலையும் அன்றைக்குத்தான் கூப்பிட்டிருந்தது. ஹனீபா விலையைச் சொன்னார். அவள் ஒட்டுச்சீட்டில் அச்சடித்திருந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் வரும்.

“எனக்க பேரு எங்கயாவது போடுவியளா பாய்?”

“அடையில எங்க மக்கா பேரெழுத? இலையிலயா?” ஹனீபா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “கேக்கவங்ககிட்ட சொல்லுவேன். கேக்காதவனுக்கு என்னத்துக்கு?”

அவள் டின்னின் மூடியை அழுத்தி மூடினாள். “திங்கக்கிழமைக்கு முடியும்” என்றாள்.

கட்டிலடி அறுபது பாட்டிலுக்கும் ஆயிஷாதான் வழி சொன்னாள். சூடான தேங்காய்ப்பாலில் கரைத்தால் சீனி நாக்கில் தட்டாது, கல்யாண வீட்டுப் பிரதமன் பாயசத்துக்குத் தள்ளிவிடு என்று. யார் கல்யாணம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. நேசம்மாள் கணவனிடம் சொல்லாமல் பின்வாசல் வழியாக வந்து, பாதி விலைக்கு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்த பாட்டிலையும் அதோடு சேர்த்துக் கரைத்துவிட்டதாகக் கேள்வி.

திங்கட்கிழமை காலை ஆலை பஸ் தெருமுனையில் வழக்கம்போல ஹாரன் அடித்தது. ஸ்மைலின் வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. பஸ் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனது. அந்த இடத்துக்கு அடுத்த வாரமே வேறொருத்தி போய் உட்கார்ந்தாள்.

தெரு இதை லேசில் மன்னிக்கவில்லை. சர்ச்சில் கைதட்டி வளர்த்துவிட்ட பிள்ளை சாயாக்கடைக்குச் சரக்கு போடுகிறாளே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அப்படி வருத்தப்பட்டவர்களே தக்கலைக்குப் போகும்போதெல்லாம் ஹனீபா கடை அடையைப் பொதிந்து வாங்கிவந்து, “என்ன பக்குவம் பாரு, நம்ம பக்கத்துல இப்பிடிச் செய்ய ஆளுண்டா” என்று ஸ்மைலினிடமே நீட்டினார்கள். அவள் வாங்கித் தின்றாள். சுக்கு அளவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

ஜெப்சனின் கல்யாணம் செப்டம்பரில் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் தோஹாவுக்குப் போய்விட்டார்கள். ராஜகுமார் சார் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூரில் மகனோடு இருக்கப் போனார். அதன் பிறகு ஏலத்தில் எதிர்க்க ஆளில்லாமல் செல்வதாஸ் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஜெமியைக் குளச்சலில் லேப் வைத்திருக்கும் எட்சன் கட்டிக்கொண்டான். ஜெமி புருஷன் வீட்டுக்குப் போன அந்த மாதத்திலேயே ஸ்மைலினும் உருளியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தக்கலையில் சாயாக்கடைக்குப் பின்சந்தில் வாடகைக்குக் குடிபோனாள். சர்ச் தெரு வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தெருவுக்கு இன்னும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.