ஹெரன் ஏரிக்குப் போகும் பாதை

மாவட்டக் குழுவில் மூன்றே பேர். மொன்டானாவின் அந்த மூலையில் மலைமேல் இருக்கும் அரசாங்கக் காட்டைப் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கலாமா என்று வாஷிங்டனிலிருந்து கருத்துக் கேட்டிருந்தார்கள். வேட்டைக்காரர்களைக் குதிரையில் கூட்டிப்போகிற மேக்ஸின் உடனே சரி என்றாள். குளிர்காலத்தில் பனிவண்டி ஓட்ட வருகிறவர்களை நம்பி விடுதி நடத்துகிற ராய்ஸ் உடனே கூடாது என்றான். மிச்சம் வெர்னா. அவள் ஒரு வாரம் தவணை கேட்டாள்.

அறிவித்துவிட்டால் அந்தக் காட்டுக்குள் எஞ்சின் என்று எதுவும் போகக் கூடாது. நடந்து போகலாம், குதிரையில் போகலாம். விழுந்த மரத்தை அறுக்கக்கூடக் கைரம்பம்தான். சுரங்கம் தோண்ட இடம் தேடிக்கொண்டிருந்த கம்பெனியும் நடையைக் கட்ட வேண்டியதுதான். வெர்னாவின் புல் வயலுக்குத் தண்ணீர் அந்த மலையில் பிறக்கும் ஓடையிலிருந்து வந்தது. ஆகவே இதில் அவளுக்கும் லாபம் இருந்தது.

ஆனால் ஆரின் இருந்தான், அவளுடைய அண்ணன். மரம் வெட்டும் வேலையில் ஒரு மரம் புரண்டு வலது காலைக் கொண்டுபோய்விட்டது. இடுப்பும் நொறுங்கியதால் குதிரைமேல் உட்கார முடியாது. நாலு சக்கர பைக்கில், பழைய மரலாரிப் பாதை வழியாக ஹெரன் ஏரிக்குப் போய்த் தூண்டில் போடுவான். கோடை வந்தால் அவனை வீட்டில் பார்ப்பது அபூர்வம்.

சனிக்கிழமை காலை அவன் வாசலில் போய் நின்றாள்.

"மெம்பரம்மா நேர்லயே வந்துட்டீங்க! மலைக்குப் பூட்டுப் போடத்தானே?"

"வாய மூடு. என்னையும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போ."

"பின்னால உக்காந்தா முதுகு போயிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

முதுகு போகத்தான் செய்தது. வழியில் ஒரு பைன் மரம் குறுக்கே கிடந்தது. ஆரின் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எஞ்சின் ரம்பத்தால் அறுத்தான்; துண்டுகளை வெர்னா உருட்டித் தள்ளினாள்.

"வருஷா வருஷம் நான்தான் இதைச் சுத்தம் பண்றேன். உங்க சட்டம் வந்தா இதுவும் குத்தம்" என்றான்.

ஓடை ஊறுகிற ஈரப் புல்வெளிக்கு வந்ததும் பைக்கை நிறுத்தினான். யாரோ பெரிய சக்கரம் போட்ட ஜீப்புகளை அந்தச் சேற்றில் வட்டம் வட்டமாக ஓட்டி விளையாடியிருந்தார்கள். முழங்கால் ஆழத்துக்குத் தடங்கள். ஊற்றுத் தண்ணீர் காபி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆரின் இறங்கினான், ஊன்றுகோல் சேற்றில் புதைந்ததால் ஓரத்திலேயே நின்றான்.

"போன வாரம் இது இல்ல."

"யாரா இருக்கும்?"

"நம்ம ஊர்ப் பசங்கதான், வேற யாரு? நான் வெட்டி வச்ச வழியிலதான் வந்திருக்கானுங்க."

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மீன் பிடித்து, வெண்ணெயில் பொரித்து, ஆளுக்கு ஒன்றாகத் தின்றார்கள்.

"ஊருக்குள்ள நான் எங்க போனாலும் யாராவது ஓடி வந்து கதவைத் திறந்து பிடிக்கிறாங்க, வெர்னா. நல்லவங்கதான். ஆனா இங்க ஒரு கதவும் இல்ல."

வெர்னா தட்டைக் கீழே வைத்தாள். "இந்தப் பாதைய மட்டும் வெளியில விட்டுட்டுக் கோடு போடச் சொல்றேன். ரெண்டு பக்கமும் வனம், நடுவுல உன் பாதை."

அவன் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். "ஆரினுக்கு மட்டும்னு போர்டு வைப்பியா?"

அவள் தன் தட்டை எடுத்துப் போய் ஏரித் தண்ணீரில் அலசினாள்.

பள்ளிக்கூட விளையாட்டரங்கில் ஊரார் முன்னால் குழுவின் கூட்டம் நடந்தது. அவள் சொல்ல நினைத்திருந்ததை ராய்ஸ் முந்திக்கொண்டு சொன்னான். "ஆரினை நெனச்சுப் பாருங்க. காலில்லாத மனுஷன். அவருக்காகவாவது அந்தப் பாதைய விட்டு வைக்கணும்." பலர் தலையாட்டினார்கள்.

ஆரின் எழுந்து நின்றான். "உன் விடுதி வாசல்ல படிக்குப் பதிலா நான் ஏறி வர ஒரு சாய்வுப் பலகை போடச் சொல்லி எத்தனை வருஷமா கேக்கறேன், ராய்ஸ்?" அரங்கம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "என் காலைக் காட்டி ரோடு கேக்காத. இந்தச் சட்டம் வேணாம்னு சொல்றவன்தான் நானும். அந்த இடம் எனக்கு வேணும், அதனால சொல்றேன். எனக்காக யாரும் அழ வேணாம்."

அடுத்து வெர்னாவின் முறை. பாதையைத் திறந்து வைத்தால் அண்ணனுக்குப் பின்னாலேயே அந்த ஜீப்புகளும் ஏறும். அவனை மட்டும் உள்ளே விடுகிற கோடு எந்த வரைபடத்திலும் கிடையாது.

"என் வயலுக்குத் தண்ணி அங்கருந்துதான் வருது. அதையும் தெரிஞ்சுக்கிட்டு என்னைத் திட்டுங்க" என்றாள். "பாதையோட சேர்த்து, முழுக்க வனமா இருக்கட்டும்." கையைத் தூக்கினாள். ஆரின் இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை.

சட்டம் வர இரண்டு வருடம் ஆயிற்று. புல்வெளிக்குக் கீழே இரும்புக் கம்பி போட்டு வழியை மறித்தார்கள். ராய்ஸ் குளிர்காலத்தில் விடுதியை மூடினான். அங்கே அறை கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த வெர்னாவின் பக்கத்து வீட்டுப் பெண் வேலை தேடி வேறு ஊருக்குப் போனாள். மேக்ஸின் புதிதாகக் குதிரைகள் வாங்கினாள். அடுத்த தேர்தலில் வெர்னா தோற்றாள். அண்ணன் யாருக்கு ஓட்டுப் போட்டான் என்று அவள் கேட்கவில்லை. தபால் ஆபீசில் எதிரே வந்தால் "ம்" என்பான், அவ்வளவுதான்.

கம்பி போட்ட மறு கோடையில் ஒருநாள் அவன் லாரி அவள் வாசலில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினான்.

"மேல போனியா?"

"போனேன். போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடுச்சு. கால் ரெண்டும் கெஞ்சிடுச்சு."

"புல்வெளி எப்படி இருக்கு?"

"கோரை முளைச்சிருக்கு. தடம் இன்னும் தெரியுது. தண்ணி தெளிஞ்சிடுச்சு."

"ஏரி?"

மீனே இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். "நல்லா இருக்கு. கரையில நீர்நாய் குட்டி போட்டிருக்கு."

அவன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போடுவதுபோல் அசைந்து நின்றன.

"நீ செஞ்சது தப்புன்னுதான் நான் இன்னமும் சொல்வேன்."

"தெரியும்."

"சாகற வரைக்கும் சொல்வேன்."

"சொல்லு. அதுக்காக வெயில்ல உக்காந்துதான் சொல்லணுமா?"

ஆரின் எஞ்சினை அணைத்தான். ஊன்றுகோலை எடுத்து, காலை வெளியே வைத்து, இறங்க அவனுக்கு நேரம் பிடிக்கும். வெர்னா காபி போட உள்ளே போனாள்.