கணவர் கையெழுத்து

வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் கட்டிங்கக்கா. துணியை அடுக்கடுக்காக விரித்து, கட்டிங் மெஷினை ஓட்டி, சட்டைக் கை, காலர் என்று பிசகாமல் வெட்டி எடுப்பது அவள் வேலை. அந்தக் கை கொஞ்ச நாளாகப் பிசகுகிறது. மெஷின் கோட்டைத் தாண்டி ஓடி ஓர் அடுக்குத் துணி முழுதும் வீணாய்ப் போனபோது, இன்னொரு தடவை இப்படி ஆனால் மேஜையை விட்டு எடுத்து, நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்துவிடுவேன் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

காரணம் அவளுக்குத் தெரியும். மாஸ்டரிடம் சொல்லத்தான் முடியாது. அவளுக்கும் புருஷனுக்கும் எச்.ஐ.வி. இருவரும் ஒன்றாகவே ஒரே மாத்திரையை ஆரம்பித்தவர்கள். கிருமியை அது அடக்கி வைத்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் படுக்கும்போது போட்டால் கண்ட கண்ட கனவு, காலையில் குடிக்காமலே தள்ளாட்டம். போன தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது புருஷனுக்கு மட்டும் புது மாத்திரைக்கு மாற்றினார்கள். பெயிண்ட் அடிக்கிற அந்த மனுஷன் இப்போது ஏணியில் விறுவிறுவென்று ஏறுகிறார். படுத்தால் குறட்டை வேறு. பக்கத்தில் இவள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கிறாள். வயிறு எரியாதா?

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டாள். புது மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பமானால் பிள்ளைக்குக் கோளாறு வரலாமோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, அதனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குத் தருவதில்லை என்றார் டாக்டரம்மா. தனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எப்போதோ ஆகிவிட்டது, தழும்பைக் காட்டவா என்று கேட்டாள் இவள். டாக்டரம்மா யோசித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். இவளிடம் அல்ல, புருஷனிடம். கணவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மாற்றித் தரலாமாம்.

அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார். கட்டிங்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுங்குவது இவள், தள்ளாடுவது இவள், சம்மதம் மட்டும் அவருடையதா?

“இவருக்கு மாத்தினப்போ என்கிட்ட யாராவது கையெழுத்து கேட்டீங்களா?”

ஆண்களுக்கு அதெல்லாம் தேவையில்லை என்றார் டாக்டரம்மா.

புருஷனுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பேனாவை மூடினார். பையிலிருந்து தன் மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“அப்ப என்னோடதும் செல்லாது டாக்டர். இவ கையெழுத்து போட்டப்புறம் குடுங்க.”

“நீங்க அதை எடுத்து உள்ள வைங்க. இங்க யாரும் மாத்திரையை நிறுத்தப் போறதில்ல” என்று அவரையும் ஓர் அதட்டு அதட்டிவிட்டு, டாக்டரம்மாவிடம் திரும்பினாள். “இது என் உடம்பும்மா. தாளை என்கிட்ட குடுங்க, நான் போடுறேன்.”

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்தது. தாளில் இருந்த ‘கணவர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, தாளை இவள் பக்கம் தள்ளினார். கட்டிங்கக்கா பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

புது டப்பாவைக் கொடுத்த நர்ஸ், டாக்டரம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போ என்று கண்ணால் ஜாடை காட்டினாள்.

கட்டிங்கக்கா சொல்லவில்லை.