பக்கத்து சீட்டு

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்று தம்பி ஒஸ்மார் சொன்னபோது, அவன் கையிலிருந்த காப்பிக் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கை நடுக்கம் வந்து இரண்டு வருஷமாகிறது. பதிவு அலுவலகத்தில் ஊரார் கையெழுத்தையெல்லாம் சரிபார்த்து முத்திரை குத்தியவன், தன் கையெழுத்தையே போட முடியாமல் வேலையை விட்டான். இந்த லட்சணத்தில் அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார்.

"பழசுதான்க்கா. என் கைக்கு எட்டுற விலையில பாப்போம். கிராசியோசா ரோட்டுல ஒரு தடவை ஜாலியா இறங்கணும்."

கிராசியோசா என்பது எங்கள் குரிச்சிபா நகரத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பழைய மலைப்பாதை. கல் பாவியது, மழை பெய்தால் வழுக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒஸ்மார் தனியாக இருப்பவன். சாப்பாடு கொண்டு போகும்போது, மாத்திரைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் வெறித்துப் பார்த்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இவன் ஜாலிக்காக இறங்கப் போகவில்லை, ஒரேயடியாகப் போய்விடத்தான் கார் தேடுகிறான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாயைத் திறந்து கேட்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

"கார் பாக்கப் போறப்ப நானும் வரேன்," என்றேன்.

முப்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் நான். வண்டியில் நொட்டை கண்டுபிடிக்க என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவனை எந்தக் காரையும் வாங்கவிடக் கூடாது என்று முடிவு கட்டினேன். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காஸ் கடைக் காந்தத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் பார்த்தது 'கோல்' என்கிற சிவப்புக் கார். பளபளவென்று இருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே காந்தத்தை வைத்தேன், பொத்தென்று கீழே விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பட்டி. "யாரோ பின்னாடி இடிச்சு, பட்டி வச்சுப் பூசியிருக்காங்க. வா போலாம்," என்றேன். ஒஸ்மார் அதற்குள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "நீங்களே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க," என்று விற்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கை நடுங்குவதை மறைக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, வெள்ளி நிற மியூரா கார். காந்தம் ஒட்டுகிறதா என்று நான் பார்க்கவே இல்லை. கண்ணாடிகளில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண் ஒரு கதவில் மட்டும் வேறாக இருந்தது. கதவையே மாற்றியிருக்கிறார்கள், வேண்டாமென்று சொல்ல அது போதும். ஒஸ்மார் அங்கேயும் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வந்தவன், "ரொம்ப மெத்துனு இருக்கு. ரோடே தெரியல," என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது கார் மலைப்பாதை தொடங்கும் குவாத்ரோ பாரஸ் என்ற ஊரில் இருந்தது. மஞ்சள் பூமா. இடுப்பு உயரம்கூட இல்லை, பார்க்கிறவர்கள் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைப்பார்கள். சொந்தக்காரர் காசிமீரோ என்கிற போலந்து வம்சத்துக் கிழவர். அவருக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் காந்தத்தை எடுத்தேன். முன்னால் வைத்தேன், விழுந்தது. கதவில் வைத்தேன், விழுந்தது. கூரையிலும் விழுந்தது.

"முழுக்க பட்டி! மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

காசிமீரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, இது பூமா. பாடி மொத்தமும் ஃபைபர். அந்தக் காந்தத்தை என் இடுப்புல வச்சுப் பாருங்க, அங்கதான் டாக்டர் கம்பி போட்டிருக்காரு."

"எங்கக்காவுக்கு அதையும் செக் பண்ணாம தூக்கம் வராது," என்றான் ஒஸ்மார்.

மானம் போனாலும் நான் விடவில்லை. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். தரைத்தகடு துருப்பிடிக்கவில்லை. விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பின்னால் எஞ்சினில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை. பாழாய்ப்போன கிழவர் பிள்ளையை வளர்ப்பது போல அதை வளர்த்திருந்தார். அவர் ஒஸ்மாரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய்த் திரும்பியபோது, தம்பியின் முகம் சிவந்திருந்தது.

"இதுதான்க்கா. ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகுல தெரியுது."

அவன் சட்டையைப் பிடித்து வேலியோரம் இழுத்துப் போனேன்.

"நீ இதை ஓட்டக் கூடாது. என்ன நினைச்சிட்டிருக்கே? பள்ளத்துல இறங்கி உன்னைப் பொறுக்கிட்டு வர எனக்குத் தெம்பு இல்லடா!"

"நான் ஓட்டறேன்னு எப்பக்கா சொன்னேன்?"

"பின்ன?"

"லைசென்ஸ் வேண்டாம்னு மார்ச்சுலயே எழுதிக் குடுத்துட்டேன். மூணு கார்லயும் நான் எந்த சீட்டுல உக்காந்தேன்? பாத்துட்டுத்தானே இருந்தே?"

"அப்ப யாருடா ஓட்டறது?"

"நீதான். கார் உன் பேர்லதான் வாங்கணும். என் கையெழுத்து இப்ப என் ஆபீஸ்லயே செல்லாது."

"எனக்கு ஸ்பீடு நாப்பதைத் தாண்டினாலே மூச்சு முட்டும்!"

"அது வேன் ஓட்ட ஆரம்பிச்ச பொறவு. அதுக்கு முன்னாடி அப்பாவோட பிக்கப்பை இதே ரோட்டுல எப்படி ஓட்டுவே? நான் பயத்துல கத்துவேன், நீ சிரிப்பே. எனக்கு அது மறுபடி வேணும்க்கா."

காசிமீரோவிடம் திரும்பிப் போய் விலையைக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பனி விலகியதும் இறங்கினோம். சீட்டு அவ்வளவு தாழ்வாக இருந்ததில் ரோட்டிலேயே உட்கார்ந்திருப்பது போலிருந்தது. முதல் வளைவுகளை ஊர்ந்து ஊர்ந்து கடந்தேன். பழைய பழக்கத்தில் நொடிக்கொரு தரம் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டேன். வேனில் பிள்ளைகள் நின்றுகொண்டு வருகிறார்களா, சண்டை போடுகிறார்களா என்று பார்க்கிற கண் அது.

"பின்னாடி யாருமில்லக்கா. உக்கார சீட்டே இல்ல," என்றான் ஒஸ்மார் மெதுவாக.

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தேன். இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்தேன். பூமா உறுமிக்கொண்டு வளைவுக்குள் மூக்கை நுழைத்தது, கற்கள் தடதடத்தன, ஓரத்து நீலப் பூக்கள் கோடாக ஓடின. ஒஸ்மார் கத்தினான். நான் சிரித்தேன், வெட்கமே இல்லாமல் சத்தம் போட்டுச் சிரித்தேன். குதிரை லாடம் போல வளைந்து திரும்பும் லாட வளைவில் மட்டும் அவன் கத்துவதை நிறுத்திவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தான்.

அடிவாரத்தில் கரும்புச்சாற்றுக் கடையில் நிறுத்தினோம். கோப்பையை நான் பிடித்துக்கொள்ள, அவன் உறிஞ்சுகுழலில் குடித்தான். மனசு லேசாகியிருந்ததால் சொல்லிவிட்டேன்.

"நீ எதுக்குக் கார் தேடறேன்னு நான் வேற மாதிரி நினைச்சிட்டேன்டா. என்னை மன்னிச்சிடு."

"தெரியும். நீ காந்தத்தை எடுத்தப்பவே தெரியும்." உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தான். "நீ ஒண்ணும் தப்பா நினைக்கலக்கா. பிப்ரவரில என் பழைய வண்டியில தனியா வந்தேன். லாட வளைவுல ஓரமா நிறுத்திட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் திரும்பிட்டேன். இனி என் கையில ஸ்டீயரிங் இருக்கக் கூடாதுன்னுதான் லைசென்ஸைக் குடுத்துட்டேன்."

கோப்பையைக் கீழே வைத்தேன். கடைக்காரி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் அழுதேன். அவன் நடுங்கும் கையை என் தோளில் வைத்து, நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.

காரில் ஏறி, வந்த வழியே திரும்பினேன்.

"அந்த வளைவுல நிறுத்தணுமாடா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா," என்றான். "அங்க மட்டும் கொஞ்சம் வேகமாப் போ."