சம்பந்தி கொண்டுவந்த பிரேக்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு பேச்சு. பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே, தூக்கி நிறுத்திய காருக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் சொன்னது: "பொருந்துது சம்பந்தி. அதான் பயமா இருக்கு."

அதற்குள் என் டயர் தயாராகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். வந்தேனே தவிர, அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பொருந்தினால் நிம்மதிதானே வரவேண்டும்? அந்த மனுஷனுக்கு ஏன் பயம் வந்தது?

மீதியெல்லாம் நான் கட்டியது. பிடிக்காவிட்டாலும் பாதியில் எழுந்து போகாதீர்கள், கண்ணுகளா. போனால் என்ன பாடு என்பதற்கு நானே சாட்சி.

2

தொடக்கம்: தகரக் கூரையில் காலை வெயில் சடசடவென்று—

(வேண்டாம். சடசடப்பது மழை.)

இன்னொன்று: பேராசை பிடித்த ஒரு மெக்கானிக்—

(அவரை முழுதாகப் பார்த்ததுகூட இல்லை. அதற்குள் நாக்கு இப்படி நீளலாமா?)

இது நிற்கிறது:

மெக்கானிக் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். வெளியே வாங்கிவந்த உதிரிப்பாகத்தை மாட்டமாட்டார். யார் கேட்டாலும் மாட்டமாட்டார். ஆனால் அன்று வந்தவர் அந்த 'யார்' என்ற கணக்கில் வராதவர். மெக்கானிக்கின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பெரியவர், சம்பந்தி. கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே புது பிரேக் பேட்.

"ஆன்லைன்ல வாங்கினேன் சம்பந்தி. கடை விலையில பாதி. ரிவ்யூ எல்லாம் படிச்சுட்டுத்தான்."

"யாரு எழுதினது?"

"வாங்கி மாட்டினவங்கதான்."

"எல்லாரும் நல்லா இருக்காங்களாமா?"

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை.

"நானே வாங்கி மாட்டினா, நாளைக்கு ஒண்ணுன்னா கடைக்காரன் சட்டையைப் பிடிப்பேன். இதுக்கு யார் சட்டையைப் பிடிக்கிறது?"

"என் சட்டையைப் பிடிங்க! அதான் உறவாயிட்டோமே. போட்டுடலாமில்ல?"

"பார்க்கலாம் சம்பந்தி."

சம்பந்தி சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.*

(* இங்கேதான் எல்லாம் கெட்டது. மெக்கானிக் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று பொருள். முகத்தில் அடிக்காமல் சொல்வது. சம்பந்தி ஒரு அலுவலகத்தில் காலமெல்லாம் மேலதிகாரியாக இருந்தவர். அவர் 'பார்க்கலாம்' என்று சொன்ன காரியம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். ஒரே சொல், இவர் கதவைச் சாத்தினார், அவர் திறந்ததாக நினைத்து உள்ளே வந்துவிட்டார்.)

3

சம்பந்தியைக் கஞ்சனாக்கிப் பார்த்தேன். கதை சுலபமாக ஓடியது. அவ்வளவு சுலபமாக ஓடியதும் சந்தேகம் வந்தது. கஞ்சன் சாவியைச் சந்தோஷமாக வைத்துவிட்டுப் போவானா?

அதனால் அவருக்கு ஒரு பழைய காயம் கொடுத்தேன். முன்பொரு பட்டறையில் புதுப்பொருளுக்குக் காசு வாங்கிக்கொண்டு, பழையதையே கழுவித் துடைத்து மாட்டி அனுப்பிவிட்டார்கள். பாதி வழியில் வண்டி நின்றது. அதிலிருந்து, வண்டிக்குள் போவதைத் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் வாங்கித் தந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கல்யாணப் பேச்சின்போதே இதை மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது இருவருமே நியாயம் பேசுகிறார்கள். எனக்கல்லவா தலைவலி.

4

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பழைய பேட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. இப்படியே திருப்பி அனுப்பவும் வழியில்லை. பெட்டியைப் பிரித்தார். தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். நல்லதா மட்டமா என்று அவருக்குத் தெரியவில்லை. (எனக்கும் தெரியாது. பிரேக் பிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது.)

அப்போது மகள் வந்தாள், வண்டியை எடுத்துப்போக.

"என்னப்பா, இன்னும் போடலையா? மாமா வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, 'என் சம்பந்தி எனக்காக ரூலையே மாத்திட்டாரு'ன்னு. அவ்ளோ பெருமை."

"நான் எங்க மாத்தினேன்? பார்க்கலாம்னுதானே சொன்னேன்."

"அய்யோ அப்பா! அங்க பார்க்கலாம்னா சரின்னு அர்த்தம்."

"நாளைக்கு யாரு ஓட்டறது?"

"நான்தான். அத்தையைக் கூட்டிக்கிட்டு மலைப்பாதையில இறங்கணும்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "வேணாம்னு திருப்பிக் கொடுத்தீங்கன்னா அந்த வீட்ல நான்தான் பதில் சொல்லணும். பேசாம உங்களோடதைப் போட்டுட்டு அவரோடதை உள்ள ஒளிச்சு வச்சுடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவருக்கு முன்னாடி ஒரு பட்டறைக்காரன் செஞ்சது அதைத்தாம்மா."

"அவன் காசுக்குச் செஞ்சான். நீங்க எனக்காகச் செய்றீங்க."

"மாட்டினவன் எதுக்கு மாட்டினான்னு வண்டிக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

5

மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவது: சம்பந்தியுடையதையே மாட்டுகிறார். மகள் பத்திரமாகத் திரும்புகிறாள். (அப்படியானால் அவர் பயந்தது வீண், நான் எழுதியதும் வீண்.)

இரண்டாவது: மகள் மலைப்பாதையில் பிரேக்கை மிதிக்கிறாள்—

(கையெழுத்துக் கோணிவிட்டது. நிறுத்திவிட்டேன். பெற்றவளுக்கு இதெல்லாம் எழுத வராது.)

மூன்றாவது: ஒளித்து மாற்றுகிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருகிறார்கள். மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்களும் வெறுங்கையோடு வரவில்லை என்று தெரியும். ஆளுக்கொரு முடிவை மடியில் கட்டிக்கொண்டுதான் கேட்கிறீர்கள். அதை வாங்கி நான் மாட்டினால், நாளைக்குக் கதை நடுவழியில் நின்றால் என்னைத்தானே ஏசுவீர்கள்? கொண்டுவந்தது நீங்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? மாட்டினவள்தான் மாட்டிக்கொள்வாள். அந்த மனுஷனுடைய பயம் இந்த இடத்தில்தான் எனக்கு லேசாகப் பிடிபட்டது.

6

சம்பந்தி நேரிலேயே வந்துவிட்டார்.

"போட்டாச்சா?"

"வச்சுப் பார்த்தேன். பொருந்துது சம்பந்தி. அதான் பயமா இருக்கு. பொருந்தலன்னா அதையே சொல்லித் திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்ப என் வாயால சொல்லணும்."

"என்னன்னு?"

"நம்ம பொண்ணு ஓட்டப்போறா. எனக்கு இதை நம்ப முடியல. அலமாரியில என்னோடது ஒண்ணு இருந்துச்சு. அதையும் எடுத்து வச்சிருக்கேன். நீங்களே சொல்லுங்க."

சம்பந்தியின் முகம் சுருங்கியது. "அப்போ பார்க்கலாம்னு சொன்னது?"

"முடியாதுன்னுதான் சொன்னேன் சம்பந்தி. மரியாதையாச் சொன்னேன்."

மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். சம்பந்தி பேன்ட்டை லேசாக இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்கால் வலிக்க, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எண்ணெய்த் துணிமேல் இரண்டு பேடும், கம்பெனிப் பெயர் உள்ள பக்கம் கீழே இருக்கக் கிடந்தன. ஒரே அளவு, ஒரே கறுப்பு. அவர் இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார். தன் கண்ணால் பார்த்து வாங்கியது எதுவென்று அவருக்கே தெரியவில்லை.

"இதுல என்னோடது எது சம்பந்தி?"

மெக்கானிக்குக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும், அவள் அப்பாவையே பார்க்கிறாள். இப்போது எதைக் காட்டினாலும் சம்பந்தி நம்பிவிடுவார். 'என்னோடதையே போடுங்க' என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டார். மெக்கானிக்குடையதை நோக்கி ஒரு விரல் தப்பாக நீண்டால் போதும். மகள் பத்திரம், சம்பந்தியின் மானம் பத்திரம்.

எனக்கும் தெரியும். வைத்தவள் நான். ஆனால் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், இதற்குமேல் என் கையை நம்ப முடியவில்லை.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டுகிறார். கண்ணுகளா, அந்த விரலைக் கொஞ்சம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.