கண்ணாடி உருண்டையும் வலது கன்னமும்

ஜன்னல் கண்ணாடியின் மூலையில் ஒரு குமிழி இருந்தது. கண்ணாடி செய்யும்போது எப்படியோ உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. அதற்கு நேராகக் கண்ணை வைத்தால், அறைக்குள் தொட்டிலில் கிடந்த அவன் மகள் ஒரு பட்டாணி அளவுக்குத் தெரிந்தாள். கண்ணைச் சற்று நகர்த்தினால் மறுபடியும் பெரியவளாகிவிடுவாள். அவன் நகர்த்தியும் திருப்பியும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்த அன்று மருத்துவமனையில் ஒரு தடவை கையில் வாங்கியதோடு சரி.

"அங்கேயே நில்லு," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "மூச்சைக் கண்ணாடி மேல விடாதே."

"ஜன்னல்தான் மூடியிருக்கே அக்கா."

"மூடின ஜன்னலுக்கும் இடுக்கு இருக்கு."

அவனுடைய வலது கன்னம் காதுக்குக் கீழிருந்து தாடைவரை புடைத்திருந்தது. பிள்ளைப்பேறுக்கு உதவ வந்திருந்த அக்காதான் முதலில் பார்த்தாள். பார்த்ததுமே பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவிட்டாள். அவளுக்குச் சின்ன வயதில் வந்ததாம். அப்போது தம்பியை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "அன்னிக்குத் தப்பிச்சே. அந்த பாக்கிதான் இது. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. நீ வெளியில இரு." அன்றைக்கே அவன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். எல்லோருக்கும் தெரிந்த வீக்கம், தானே வடிந்துவிடும் என்பதால் டாக்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.

மனைவி குழந்தையைத் தூக்கி ஜன்னலருகே கொண்டுவந்தாள். "அப்பா பாரு. ஒரு பக்கம் மட்டும் பணக்காரர் ஆயிட்டாரு," என்றாள் குழந்தையிடம். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் இழுத்தது.

அவன் கண்ணாடி ஊதுகிறவன். பட்டறையில் உலைக்கு முன்னால் நின்று, நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் தேன் போன்ற கண்ணாடியைச் சுருட்டி எடுத்து, மறுமுனையில் வாயை வைத்து ஊதுவான். கைகள் குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுழற்றுவதை நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கி வழிந்துவிடும். பல வருடமாக அவன் கைகள் தூக்கத்தில்கூடச் சுழல்வதாக மனைவி சொல்வாள்.

இப்போது அவன் தங்கியிருந்தது பட்டறைக்குப் பின்னால், விளக்கு உருண்டைகளை வைக்கோலில் பொதிகிற அறையில். குழாய்ப் பக்கம் போகக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பட்டறையில் ஒரு குழாய் பல வாய்க்குப் போகும். அதனால் அவன் பகலெல்லாம் உருண்டைகளைப் பொதிந்தான். அலுத்தால் வைக்கோல் மேலேயே சாய்ந்துகொள்வான். ஒவ்வோர் உருண்டையிலும் அறையின் ஜன்னல் ஒருமுறை நேராகவும், அதன் பின்சுவரில் ஒருமுறை தலைகீழாகவும் தெரியும். மத்தியானத் தூக்கத்தில் ஜன்னல்கள் கூடிக்கொண்டே போகும். எல்லா ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் பட்டாணி அளவில் ஒரு குழந்தை. அவன் எந்தக் கதவைத் தேடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பான். விழித்துப் பார்த்தால் உருண்டைகளில் அவன் முகம்தான் இருக்கும், எல்லாவற்றிலும் வீங்கியபடி.

அவன் இடத்தில் ஊதப் போனவனுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. குழாயில் வாய் வைத்திருக்கும்போது மட்டும்தான் பட்டறை அமைதியாக இருக்கும். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அந்த ரேடியோ, பொதியும் அறை வாசலில் ஒன்றும் பேசாமல் வந்து நின்றான். அவனுக்கு இரண்டு கன்னமும் வீங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றான் ஒருவழியாக. "நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

பின்னாலேயே மேஸ்திரி வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே குழாய். இனி சந்தேகமே வேண்டாம், ஒட்டுவாரொட்டிதான். ரெண்டு பேரும் டாக்டரைப் பாத்துட்டு வாங்க. நான் உன் வீட்டுக்கும் சொல்லி அனுப்பிட்டேன்."

வீட்டிலிருந்து அக்காவின் பதில் உடனே வந்தது. இன்னும் ஒரு மாதத்துக்கு ஜன்னல் பக்கமும் வர வேண்டாம்.

டாக்டர் அம்மா முதலில் ரேடியோவைப் பேச வேண்டாம் என்றார். காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார். இருவருக்கும் இல்லை. உடல்வலி, சோர்வு? இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி, கையுறை போட்ட விரலால் அவன் காதடியிலிருந்து கன்னத்தை முன்பக்கமாக மெதுவாகத் தள்ளினார். விரலுக்குக் கீழே ஏதோ நொறுநொறுத்தது. அவர் டார்ச்சை உள்ளே அடித்தார். மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்துச் சின்னத் துவாரத்திலிருந்து எச்சில் நுரைத்துக்கொண்டு வந்தது, சோப்பு நுரை மாதிரி.

"என்ன வேலை செய்றீங்க?"

சொன்னான்.

"எப்படி ஊதுவீங்க, செஞ்சு காட்டுங்க."

அவன் எழுந்து இல்லாத குழாயைப் பிடித்தான். இந்தத் தடவை வந்த ஆர்டர் மிகப் பெரிய உருண்டைகள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால் கண்ணாடியில் மெல்லிய கோடு விழுந்துவிடும். அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். இரண்டு கன்னத்திலும் காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சு இழுக்கும் நேரத்தில் கன்னத்துக் காற்றை நெருக்கிக் குழாய்க்குள் தள்ள வேண்டும். ஊதல் நிற்காது, கோடும் விழாது. அவன் கன்னங்கள் பந்துபோல உப்பின. பக்கத்தில் ரேடியோவும், யாரும் கேட்காமலே, அப்படியே உப்பிக் காட்டினான்.

"போதும் போதும்," என்று டாக்டர் சிரித்துவிட்டார். "இதை யார் யாருக்குக் கத்துக்குடுத்தது?"

ரேடியோ அவன் பக்கம் கையைக் காட்டினான்.

"நுரை வந்த துவாரம் இருக்கே, எச்சில் சுரப்பியிலேருந்து வாய்க்கு வர்ற குழாய் இது. நீங்க நெருக்கின காத்துல கொஞ்சம் திரும்பி இது வழியா சுரப்பிக்குள்ள போயிடுச்சு. அதான் வீக்கம்."

"அப்ப இது ஒட்டாதா?" என்று கேட்டான் அவன்.

"வீக்கம்னாலே ஒட்டும்னு இல்லீங்க. எதனால வீங்குதுங்கறதைப் பொறுத்துதான். பொன்னுக்கு வீங்கின்னா கிருமி. அது எச்சில்ல, இருமல்ல பரவும், தள்ளித்தான் இருக்கணும். உங்க அக்கா பயந்ததுல தப்பே இல்ல. சுரப்பிக் குழாய்ல கல் அடைச்சாலும் வீங்கும், அது யாருக்கும் போகாது. இது வெறும் காத்து. இதுவும் போகாது."

"பின்ன எனக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்றான் ரேடியோ.

"அவர்கிட்டேருந்துதான் வந்துச்சு. ஆனா குழாய் வழியா இல்ல, காது வழியா. அவர் சொல்லிக்குடுத்தாரு, நீங்க கேட்டீங்க. ரெண்டு பேரும் இந்த வித்தையை விட்டுடணும். திரும்பத் திரும்பக் காத்து போனா சீழ் பிடிக்கும்."

"குழந்தையைத் தூக்கலாமா?"

"தாராளமா."

வெளியே வெயில் உருகிய கண்ணாடி நிறத்தில் இருந்தது. தெரு முழுக்க மெல்ல அசைந்தது. இனி பெரிய உருண்டைகளில் கோடு விழும் என்று அவன் நினைத்தான். ரேடியோவுக்கும் அதே நினைப்புப் போல. "விழுந்தா விழட்டும். அந்தக் கோட்டுக்கு ஒரு பேர் வெச்சு, மேஸ்திரி விலையை ஏத்திடுவாரு," என்றான். அதன் பிறகு தெருமுனை வரைக்கும் பேச்சை நிறுத்தவே இல்லை.

அக்கா கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். "காத்தா? டாக்டர் சொன்னாங்களா, இல்ல அந்த வாயாடி சொன்னானா?"

அவன் அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினான். நொறுநொறுவென்றது, காய்ந்த மணலில் கால் வைத்த மாதிரி. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு தானாகவே இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"கல்யாணமாகிப் பிள்ளையும் பெத்தாச்சு. இப்பப் போயி பலூன் ஆயிட்டு வந்திருக்கான்," என்றாள். உள்ளே மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. "கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. முழங்கை வரைக்கும்."

கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மனைவி குழந்தையைக் கொடுத்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்ததைவிடச் சூடாகவும் கனமாகவும் இருந்தாள். மூடிய உதட்டோரம் பால் குமிழி ஒன்று எழுந்து, உடையாமல் நின்றது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். அறை எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. அவனுக்குத் தெரியாமலே முன்கைகள் மெதுவாக அசையத் தொடங்கின, இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். குழந்தையின் தலை ஜன்னல் பக்கமும் சுவர்ப் பக்கமுமாகத் திரும்பித் திரும்பி வந்தது.

"ஏன்டா சுத்தறே?" என்றாள் அக்கா. "அவ ஒண்ணும் வழிஞ்சிட மாட்டா. சும்மா பிடி."

அவன் கைகளை நிறுத்தினான்.